ஐபோன் பாதியை எழுதியவர்

செகந்திராபாத்தை அடுத்த பாலாநகரில் லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், பேரிங் விற்கும் கடைக்கு மேலே ஷர்மிளாவின் அலுவலகம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி. பிஸ்கட், சோப்பு மொத்த வியாபாரிகளின் சேல்ஸ்மேன்கள் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்க ஒரு மொபைல் ஆப் செய்து விற்கிறார்கள். கீழே லேத்தில் இரும்பைக் கடையும் சத்தத்தில் காதில் வாய் வைத்துப் பேசினாலும் பாதிதான் கேட்கும். அதனால் அங்கே எல்லோரும் பக்கத்து மேஜைக்காரருக்குக்கூட எழுதித்தான் அனுப்புவார்கள். ஷர்மிளாவுக்கு இது ஒத்துப்போனது. பேசுவதைவிட எழுதுவது அவளுக்குச் சுலபம்.

அவள் பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா அரக்கோணத்திலிருந்து வந்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர். அப்பாவும் அங்கேயே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றார். கல்யாணமாகி மல்காஜ்கிரிக்குப் போனாள். அம்மா வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். கணவன் மோகன் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருக்கிறான். அவர்கள் பேசும் தமிழில் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் வேண்டாம் என்பதற்கு நக்கோவும் தானாக வந்து விழும். மகள் சாஹித்யா ஏழாம் வகுப்பு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

சேல்ஸ்மேன்கள் இடுப்பில் ஒரு பிரிண்டரை மாட்டிக்கொண்டு போவார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆர்டர் எடுத்ததும் போனிலிருந்தே பில் அடித்துக் கடைக்காரரிடம் கிழித்துக் கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. அவர்களுடைய ஆப் ரியாக்ட் நேட்டிவில் எழுதப்பட்டது. ஒருமுறை எழுதினால் போதும், ஆண்ட்ராய்டிலும் ஓடும், ஐபோனிலும் ஓடும். ஆனால் அப்படிப் பொதுவாக எழுதிய நிரலால் போனின் உள்ளே எல்லா இடத்துக்கும் போய்விட முடியாது. ப்ளூடூத்தைத் திறந்து இந்த மாதிரி ஒரு பிரிண்டரிடம் பேச வேண்டுமென்றால், அந்தந்தப் போனின் சொந்த மொழியில் தனியாக ஒரு பகுதி எழுதிச் சேர்க்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு இன்னொன்று. நேட்டிவ் மாட்யூல் என்பார்கள். ஷர்மிளாவுக்கு ஆண்ட்ராய்டின் மொழி தெரியும். எழுதினாள். தெலுங்கு எழுத்துகள் அந்தப் பிரிண்டருக்குத் தெரியாது என்பதால் பில்லைப் படமாக மாற்றி அனுப்பவும் வழி செய்தாள். சேல்ஸ்மேன் யாரிடமும் ஐபோன் இல்லை. ஆகவே ஐபோன் பாதி எழுதப்படவே இல்லை.

கம்பெனி முதலாளி சந்தானம் தாராள மனசுக்காரர். இந்தப் பகுதியை மட்டும் இணையத்தில் பொதுவில் போடலாமா என்று அவள் கேட்டபோது, "போடும்மா, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்" என்று சொல்லிவிட்டார். போட்டாள். அவளுடைய பெயரில் வெளியுலகத்தில் இருந்த முதல் பொருள் அதுதான். சில மாதங்களில் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. உங்கள் மாட்யூலுக்கு ஐபோன் பாதியை எழுதிப் பார்த்தேன், சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருந்தது. கீழே ஏ. ஜேம்ஸ் என்று கையெழுத்து.

ஷர்மிளா அதைத் திறந்து படித்தாள். சுத்தமான வேலை. ஆண்ட்ராய்டில் இருப்பதுபோல ஐபோனில் பிரிண்டருக்கு நேர் பாதை கிடையாது; சுற்றிப் போக வேண்டும், படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி அனுப்ப வேண்டும். அதையெல்லாம் ஜேம்ஸ் பொறுமையாகச் செய்திருந்தார். சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் இருவருமாக அதைப் பார்த்துக்கொண்டார்கள். அஸ்ஸாமில் ஒரு கேன்டீன், கோவாவில் ஒரு படகுத்துறை, துபாயில் ஒரு கார் கழுவும் இடம் என்று எங்கெங்கோ அதைப் பயன்படுத்தினார்கள். ஆண்ட்ராய்டு பற்றிய கேள்வி வந்தால் ஷர்மிளா பதில் சொல்வாள். ஐபோன் பற்றி வந்தால் ஜேம்ஸ் சொல்வார். ஒருமுறை இருவருக்கும் சண்டையே வந்தது. ஷர்மிளாவின் பாதி, பில்லை அனுப்பி முடித்தவுடன் 'ஆயிற்று' என்று சொல்லிவிடும். ஜேம்ஸின் பாதி, பிரிண்டர் வாங்கிக்கொண்டது என்று தெரிந்த பிறகுதான் சொல்லும். அனுப்பியதும் அச்சானதும் ஒன்றில்லை, கடைக்காரர் கையில் காகிதம் வராமலே ஆயிற்று என்று எப்படிச் சொல்வாய் என்று ஜேம்ஸ் எழுதினார். ஷர்மிளா ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் பாதியை மாற்றினாள். ஜேம்ஸ் யார், எந்த ஊர் என்று அவள் கேட்டதில்லை. வெளிநாட்டில் எங்கேயோ இருக்கும் நடுவயது ஆண் என்று மனதுக்குள் ஒரு படம் இருந்தது. அவரும் இவளைக் கேட்டதில்லை.

போன வருஷம் கோடையில் சந்தைக்குப் புதுவகைப் பிரிண்டர் ஒன்று வந்தது. விலை மலிவு என்று நிறையப் பேர் வாங்கினார்கள். அப்போதிருந்து புகார்கள். விசாகப்பட்டினத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பின் ஆப்பைப் பார்த்துக்கொள்ளும் தினேஷ் என்பவன் எழுதியிருந்தான். லேப் ஆட்கள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குழாயில் ஒட்டுவதற்கு அங்கேயே லேபிள் அடிப்பார்கள். லேப் அவர்களுக்கு ஐபோன் கொடுத்திருந்தது. புதுப் பிரிண்டரில் லேபிளின் மேல்பாதி மட்டும் வருகிறது. நோயாளியின் பெயர் இருக்கிறது, கீழே இருக்க வேண்டிய பார்கோடு இல்லை. ஆண்ட்ராய்டில் முழுசாக வருகிறது. இதை யார் பார்ப்பார்கள்?

ஜேம்ஸ் பார்ப்பார் என்று ஷர்மிளா இருந்தாள். ஜேம்ஸிடமிருந்து சத்தமே இல்லை. தினேஷ் மறுபடி எழுதினான், கொஞ்சம் காரமாக. வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பராமரிக்க ஆள் இல்லையென்றால் ஏன் வெளியே வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதைப் படித்த அன்று ஷர்மிளா சாம்பாரில் உப்புப் போட மறந்துபோனாள்.

"எதுக்கு, கைக்கு இவ்ளோ டென்ஷன்?" என்றான் மோகன், தட்டில் உப்பைத் தூவிக்கொண்டே. "உங்க ஆபீஸ்ல ஐபோன் யாருமே வெச்சுக்கல. யாரோ எழுதினது, யாருக்கோ ஓடல. நீ நடுவுல எதுக்கு?"

"என் பேரும்தானே மேல போட்டிருக்கு."

"ஹவ், போட்டிருக்கு. அந்த ஜேம்ஸ் பேரும்தான் போட்டிருக்கு. அவரு நிம்மதியா தூங்கறாரு பாரு."

"அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ" என்றாள். சொன்ன பிறகுதான் அந்தப் பயம் தனக்குள் சில நாளாகவே இருந்தது அவளுக்குத் தெரிந்தது.

அன்றே ஜேம்ஸுக்குத் தனியாக ஒரு மெயில் எழுதினாள். வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நலமாக இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டாள். இரண்டொரு நாளில் பதில் வந்தது. நலம்தான், மன்னிக்கவும், வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று ஒரு போன் நம்பர். இந்திய நம்பர்.

சனிக்கிழமை காலையில் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தார். பின்னால் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டமே இருக்கும் போலிருந்தது.

"ஹலோ, மே ஐ ஸ்பீக் டு மிஸ்டர் ஜேம்ஸ்?"

"ஜேம்ஸ்? ஒன் மினிட், ப்ளீஸ்" என்றார் அந்தப் பெண். பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் கத்தியது தெளிவாகக் கேட்டது. "ஏங்க! ஒங்களுக்குப் போனு! டைசன் நாயை விட்டுட்டு இஞ்ச வாங்க!"

ஷர்மிளா திகைத்துப்போனாள். அதற்குள் ஓர் ஆண் குரல் வந்தது. அவள் ஆங்கிலத்தில் பிரிண்டர், மாட்யூல், விசாகப்பட்டினம் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"பிரிண்டரா? நமக்குப் பிரிண்டர் ஒண்ணும் வேண்டாம் மேடம்" என்றது குரல்.

"சார், நீங்க தமிழா?"

"ஆமாம்மா, நாகர்கோவில். நீங்க யாரு பேசுறது?"

அவள் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, போன் கைமாறும் சத்தம், பிறகு முதலில் எடுத்த பெண்ணே பேசினார்.

"ஷர்மிளாவா? யம்மா! ஏ. ஜேம்ஸுன்னா நான்தான். ஆக்னஸ். அவரு எம் வீட்டுக்காரரு. அவருக்கு டார்ச் லைட்ட அமத்தக்கூட போன்ல தெரியாது."

"நீங்க... நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?"

"லோத்குண்டால. செகந்திராபாத் தெரியுமா, அதுக்குப் பக்கம்."

ஷர்மிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் மல்காஜ்கிரிங்க."

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஸ்கூட்டியில் அரை மணி நேரம்கூட இல்லை. "நாளைக்கே வாங்க!" என்றார் ஆக்னஸ்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாஹித்யாவை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நேரெட்மெட் வழியாகப் போனாள். ராணுவக் குடியிருப்பின் மதில் ஓரமாகவே போய்த் திரும்பினால் வீடு. கேட்டில் ஒரு போர்டு: ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை இங்கே பார்த்துக்கொள்வோம். உள்ளே முற்றத்தில் கம்பி வலை போட்டுத் தடுத்து, ஒரு லாப்ரடார், இரண்டு பீகிள், பெயர் தெரியாத குட்டை ரகம் ஒன்று, எல்லாம் ஜேம்ஸைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாஹித்யா செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அங்கே ஓடிவிட்டாள்.

ஆக்னஸுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை சோப்பு நுரையோடு வந்தார். "வாங்க மக்ளே, இரியுங்க. ஒருத்தனக் குளிப்பாட்டிட்டிருந்தேன்" என்றவர், கை கழுவி வந்து ஷர்மிளாவை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தார். "நான் ஒங்கள வயசானவங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். எழுத்துல அவ்வளவு கறார்."

"நான் உங்கள ஆம்பளைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் ஷர்மிளா.

டீ வந்தது. ஷர்மிளா தினேஷின் புகாரை எடுத்துக் காட்டினாள். ஆக்னஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாதி லேபிளின் படத்தைப் பார்த்தார். ஆர்வமாகத்தான் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நான் இனி இதச் செய்ய மாட்டேன் ஷர்மிளா. எம் மேக் கம்ப்யூட்டர் பழசு. ஐபோனுக்கு எழுதுற புது டூல்ஸ் அதுல ஏறாது. ஆனா காரணம் அது மட்டும் இல்ல."

"அப்போ?"

"நான் சென்னைல கம்பெனில ஐபோன் டெவலப்பரா இருந்தவ. கல்யாணத்துக்குப் பெறவு ஆர்மில இவர அம்பாலா, ஜான்சி, ஜபல்பூர்னு மாத்திக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா சாமான் கட்டணும். எந்தக் கம்பெனில எனக்கு வேலை தருவான்? அப்பத்தான் ஒங்க பிரிண்டர் கண்ணுல பட்டுச்சு. எந்த ஊருக்குப் போனாலும் அது கூட வந்துச்சு. ஒங்ககிட்ட சண்டை போட்டது இருக்குல்ல, அந்த வாரம் ஜபல்பூர்ல குவார்ட்டர்ஸ்ல கரண்டு இல்ல, தண்ணி இல்ல. ஆனா எனக்கு நல்லாருந்துச்சு. யாரோ ஒருத்தங்க நான் சொன்னதக் கேட்டு யோசிக்காங்களேன்னு."

ஷர்மிளா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இப்ப இவரு ரிட்டயராயிட்டாரு. இந்த வீடு எங்களோடது. காலைல எந்திரிச்சா இதுங்க இருக்கு. எனக்கு இப்ப அந்தப் பிரிண்டர் வேல தேவைப்படல, கேட்டியளா. அதான் விட்டுட்டேன்."

"அக்கா, ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல?" என்று ஷர்மிளா கேட்டாள். குரலில் வருத்தம் தெரிந்தது. மறைக்க நினைத்தும் முடியவில்லை. "எல்லாரும் என்னைத் திட்டினாங்க. அதுகூடப் பரவாயில்ல. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்."

ஆக்னஸ் தலையை ஆட்டினார். "எழுதியிருக்கணும். முகம் தெரியாத ஆளுதானேன்னு இருந்துட்டேன்."

முற்றத்தில் லாப்ரடார் சாஹித்யாவின் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு ஓடியது. அவள் "ஆகு, ஆகு!" என்று தெலுங்கில் நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். ஜேம்ஸ் இந்தியில் அதட்டினார். நாய் இருவர் சொன்னதையும் கேட்கவில்லை. அதைப் பார்த்துப் பெண்கள் இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பிரிண்டரைப் பற்றி அன்று பேச்சு வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஷர்மிளாவுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆக்னஸ் திரும்பி வந்துவிடுவார் என்று நம்பிப் போயிருந்தாள். ஆனால் கோபம் வரவில்லை.

திங்கட்கிழமை சந்தானத்திடம் போய் அலுவலகத்தில் இருக்கும் ஒரே மேக்கைக் கொஞ்ச நாள் கேட்டாள்.

"நம்ம கஸ்டமர்ல ஐபோன் யாரும் இல்லியேம்மா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"அந்தப் பிரிண்டர் மாட்யூல் சார். ஐபோன் பாதிக்கு இப்ப ஆள் இல்ல. பாதி லேபிள் வருதுன்னு சொல்றாங்க."

சந்தானம் யோசித்தார். "மதியத்துக்கு மேல அத யாரும் தொடறதில்ல. எடுத்துக்கோ. நம்ம வேலை நிக்காம பாத்துக்கோ."

ஐபோனின் ஸ்விஃப்ட் மொழி அவளுக்கு ஓரளவுதான் புரிந்தது. ஆனால் ஆக்னஸின் எழுத்து புரிந்தது. எங்கே நின்று யோசித்திருப்பார், எங்கே அலுத்துப்போய் சுருக்கமாக முடித்திருப்பார் என்றுகூடத் தெரிந்தது. திரையில் ஒரு பக்கம் அந்தப் பாதியையும் இன்னொரு பக்கம் தன் பாதியையும் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனாள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, தன் பாதியிலேயே தான் மறந்துபோன ஓர் இடத்தில் கண் நின்றது. ஆரம்ப காலத்தில் ஒரு மட்டமான பிரிண்டர் அவளைப் படுத்தியெடுத்தது. அனுப்புவதையெல்லாம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லும், ஆனால் உள்ளே இடமிருக்காது. வழிந்ததைக் கீழே போட்டுவிடும். அதற்காக ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் கொஞ்சம் பொறுத்து அனுப்பும்படி எழுதியிருந்தாள். ஐபோன் பாதியில் அப்படிப் பொறுப்பது இல்லை. ஆக்னஸுக்கு அந்த மாதிரிப் பிரிண்டர் அகப்பட்டதே இல்லை போலும். புதுப் பிரிண்டரும் அதே ரகமாக இருந்தால் லேபிள் பாதியில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் அந்தப் பிரிண்டர் அவளிடம் இல்லை. விசாகப்பட்டினத்தில் தினேஷிடம்தான் இருந்தது. அவனுக்கு எழுதினாள். கோபமாக எழுதிய ஆள், போனில் மெதுவாகப் பேசினான். மதுரைக்காரன், விசாகப்பட்டினத்தில் தனியாக இருக்கிறான். "சாரிங்க்கா, லேப்ல எல்லாரும் என்னையத்தேன் கேக்குறாங்க. பார்கோடு இல்லாட்டி கையால எழுதுறாங்க. ரத்தம் மாறிப்போச்சுன்னா என்ன பண்றது?" என்றான். அதைக் கேட்ட பிறகு அவனுடைய காரம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அவள் மாற்றி அனுப்புவாள், அவன் போட்டுப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவான். முதலில் துண்டுகளுக்கு இடையில் நிறையவே இடைவெளி விட்டுவிட்டாள். லேபிள் முழுசாக வந்தது, ஆனால் காகிதம் நின்று நின்று நகர்ந்ததால் பார்கோடுக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுந்தது, இயந்திரம் படிக்கவில்லை. இடைவெளியைக் குறைத்தாள், மறுபடி கீழ்ப்பாதி காணாமல் போனது. பிறகு துண்டுகளையே சின்னதாக்கி, ஒவ்வொன்றும் அச்சாகிவிட்டதா என்று பிரிண்டரிடம் கேட்டு, பதில் வந்த பிறகு அடுத்ததை அனுப்பும்படி மாற்றினாள். சாயங்காலம் கீழே பட்டறைகள் ஓய்ந்த நேரத்தில் தினேஷ் ஒரு படம் அனுப்பினான். முழு லேபிளைத் தன் முன்னங்கையிலேயே ஒட்டி எடுத்த படம். "ஸ்கேன் ஆயிருச்சுக்கா!"

ஷர்மிளா உடனே ஆக்னஸைக் கூப்பிட்டாள்.

"அப்பம் எம் பாதில தப்பு இருந்திருக்கு" என்றார் ஆக்னஸ்.

"தப்பு இல்லக்கா. இந்தப் பிரிண்டர் அப்போ ஏது?"

"எப்பிடிக் கண்டுபிடிச்சிய?"

சொன்னாள். ஆக்னஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். "நல்ல வேலை மக்ளே" என்றார் கடைசியில். "பாக்கப் போனா, நாம பக்கத்துல இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பிய. ஒரு நாத்தப் பிரிண்டர் இருக்கு, பாத்துக்கிடுங்கன்னு."

"பக்கத்துலதானே அக்கா இருக்கோம்."

"அது இப்பத்தானே தெரியும்."

ஐபோன் பாதியையும் தானே வைத்துக்கொள்வதா என்று ஷர்மிளா சில நாள் யோசித்தாள். முடியாதது இல்லை. ஆனால் ஒருவர் கைக்கு இரண்டும் வந்தால், அந்த ஒருவருக்கு அலுத்துப்போகும் நாளில் இரண்டும் நின்றுவிடும். மாட்யூலின் முதல் பக்கத்தில் எழுதினாள்: ஏ. ஜேம்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார், நன்றாக இருக்கிறார், ஐபோன் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. முதலில் கேட்டது தினேஷ். உடனே கொடுத்துவிடவில்லை. அவன் செய்யும் மாற்றங்களை இரண்டு மாதம் போலப் பார்த்தாள், கேள்வி கேட்டாள், சிலதைத் திருப்பி அனுப்பினாள். பிறகு கொடுத்தாள். கொடுத்த அன்று மனசு லேசாகவும் இருந்தது, கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது.

லோத்குண்டாவுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. சாஹித்யா விடவில்லை. தீபாவளி நேரத்தில் ஆக்னஸ் வீட்டில் நாய்கள் நிரம்பிவிட்டன. வெடிச் சத்தம் என்றால் நடுங்கும் ஜீவன்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆள் உட்கார வேண்டும், கை கொடுக்க முடியுமா என்று ஆக்னஸ் கேட்டார். தீபாவளி அன்று சாயங்காலம் குடும்பத்தோடு போனார்கள். ஜன்னலையெல்லாம் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்து, ஒரே அறையில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குட்டை ரகத்து நாய் மோகனின் மடியில் ஏறிப் படுத்துவிட்டது. எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட அவனை விடவில்லை.

ஷர்மிளாவின் போன் மினுங்கியது. தினேஷ். வேறொரு பிரிண்டர், வேறொரு கேள்வி.

"யாரு?" என்று கேட்டார் ஆக்னஸ், லாப்ரடாரின் காதைக் கையால் பொத்திக்கொண்டே.

"உங்க இடத்துக்கு வந்தவன்" என்றாள் ஷர்மிளா. நாளைக்குப் பார்க்கிறேன் என்று பதில் எழுதி, தீபாவளி வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனைத் தள்ளி வைத்தாள்.